என் தங்கைக்குப் பிடிக்காத படகு

ஒரே வாரத்தில் எனக்கு மலேசியாவிலுள்ள ஈப்போவிலிருந்து இரண்டு அழைப்புகள் வந்தன. முதலில் என் தங்கை வீட்டுக்காரர் மணியம் கூப்பிட்டார். "மச்சான், ஒரு வாட்டி வந்துட்டுப் போங்க. அந்த போட்டு இன்ஜின நீங்க தொட்டாத்தான் ஓடும்" என்றார். மூன்று நாள் கழித்து, அவர் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து என் தங்கை சரசு கூப்பிட்டாள். "அண்ணே, நீங்க வாங்க. வந்து பாத்துட்டு, இது ஆவாதுன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க. நீங்க சொன்னாத்தான் அவரு கேப்பாரு" என்றாள்.

இரண்டு பேரிடமும் வருகிறேன் என்றுதான் சொன்னேன். வேறு என்ன சொல்வது?

நான் நாகப்பட்டினத்தில் மீன்பிடி விசைப்படகுகளுக்கு இன்ஜின் வேலை பார்ப்பவன். எட்டாவதோடு படிப்பு நின்றது. முப்பது வருடத்துக்கு மேல் டீசல் வாசனையோடுதான் சாப்பாடு. சரசு எனக்கு ஒரே தங்கை. இருபத்தெட்டு வருடத்துக்கு முன் மலேசியாவுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள். அவள் இங்கே வந்து போயிருக்கிறாள், நான் ஒரு தடவைகூட அங்கே போனதில்லை. தினமும் கடலைப் பார்க்கிற மனுஷன் கடலைத் தாண்டினதில்லை என்று என் வீட்டில் கேலி பேசுவார்கள். கிளம்புவதற்கு முன் பக்கத்து ஊர் சிக்கல் கோயிலுக்குப் போய் முருகன் முன்னால் நின்றேன். "அப்பா, ரெண்டு பேருக்கும் நல்லவனாத் திரும்பி வரணும்" என்று வேண்டிக்கொண்டேன். அது கொஞ்சம் பெரிய வேண்டுதல்தான்.

என் பெட்டியில் துணி கொஞ்சம், கருவிகள் நிறைய. கோலாலம்பூர் விமான நிலையத்தில் முக்காடு போட்ட ஒரு மலாய்ப் பெண் அதிகாரி பெட்டியைத் திறக்கச் சொன்னார். ஸ்பேனர்கள், இன்ஜெக்டரை இழுத்துக் கழற்றும் கருவி, நடுவில் விபூதிப் பொட்டலம், சரசுவுக்காக என் மனைவி சுட்டுக் கொடுத்த முறுக்கு. அந்த அம்மா இழுவைக் கருவியைத் தூக்கிப் பிடித்து இது என்ன என்பதுபோல் பார்த்தார். எனக்கு மலாயும் தெரியாது, இங்கிலீசும் வராது. இரண்டு கையையும் முன்னால் நீட்டி சக்கரம் பிடிப்பதுபோல் பிடித்து, "டுகு டுகு டுகு" என்று இன்ஜின் சத்தம் போட்டுக் காட்டினேன். விபூதியைக் காட்டினார். எடுத்து நெற்றியில் பூசிக் காட்டினேன். பக்கத்திலிருந்த அதிகாரியையும் கூப்பிட்டு என்னை இன்னொரு தடவை டுகு டுகு போடச் சொன்னார்கள் என்று நினைக்கிறேன், போட்டேன். சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார்கள்.

வெளியே மணியம் வேனோடு நின்றார். ஈப்போ நெருங்க நெருங்கச் சுண்ணாம்புக் குன்றுகள் வயலிலிருந்து முளைத்த மாதிரி செங்குத்தாக எழுந்து நின்றன. நான் பிறந்த ஊரில் கோபுரத்தைவிட உயரமாக எதையும் பார்த்ததில்லை. வாய் திறந்தபடியே வந்தேன்.

அவர்கள் வீடு ஈப்போவை ஒட்டிய ஜெலாப்பாங்கில் இருக்கிறது. மணியம் அங்கே ஒரு தொழிற்சாலையில் முப்பது வருடம் இயந்திரம் ஓட்டி ஓய்வு பெற்றவர். சரசு வாசலில் நின்றபடியே, "என்னா அண்ணே, மெலிஞ்சி போயிட்டீங்க லா" என்றாள். நாகப்பட்டினத்துப் பேச்சு போய்விட்டதே என்று கேட்டேன். "போவல லா, எங்கயோ உள்ளுக்குள்ள இருக்கு" என்றாள்.

எனக்குப் பிடிக்குமென்று நண்டு வாங்கிச் சமைத்து வைத்திருந்தாள். இங்கேதான் முதல் சிக்கல். ஒரு படகின் இன்ஜினில் கை வைக்க ஒப்புக்கொண்டால், அது தண்ணீரில் ஓடி முடிக்கும்வரை நான் கவிச்சி தொடமாட்டேன். என் வழக்கம் அது. அதைச் சொன்னதும் அவள் முகம் மாறியது. "நான் வேலையே வேணாங்குறேன், நீங்க அதுக்கு விரதம் இருக்கீங்களா?" என்று நண்டுச் சட்டியைத் தூக்கி மணியத்தின் முன்னால் ணங்கென்று வைத்தாள். அவர் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். நான் ரசம் ஊற்றிக்கொண்டேன்.

அவர் குளிக்கப் போனதும் சரசு கதையைச் சொன்னாள். தெலுக் இந்தான் ஊரின் ஆற்றங்கரையில் படகு கட்டும் ஒரு சீனர் பட்டறையில் பழைய உல்லாசப் படகு ஒன்று கிடந்ததாம். ஒரு காலத்தில் ஈயச் சுரங்க முதலாளி யாரோ வைத்திருந்தது. மணியம் அதை வாங்கிப் போட்டு, சனி ஞாயிறென்றால் அங்கேயே கிடந்து பலகை மாற்றி, வார்னிஷ் அடித்து, ஒருவழியாக ஓட்டினார். முதல் ஓட்டத்துக்கு யாரைக் கூப்பிடுவது? பெண்ணைக் கட்டிக்கொடுத்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. சம்பந்தி வீட்டாரைக் கூப்பிட்டார். பட்டுப்புடவையும் பலகாரமுமாக எல்லோரும் ஏறினார்கள். அரை மணி நேரத்தில் இன்ஜின் நின்றுபோனது. கடலோடு சேர்ந்து ஆறும் வற்றத் தொடங்கி, படகு சேற்றுத் திட்டில் உட்கார்ந்துகொண்டது. மறுபடி தண்ணீர் ஏற ஆறு மணி நேரம் ஆனது. படகில் கழிப்பறைக் கதவு திறக்கவில்லை.

"சம்பந்தி அம்மாவுக்குச் சக்கரை வியாதி அண்ணே" என்றாள் சரசு.

அது நடந்து நாலு வருடம். படகைத் திரும்பவும் கரையில் ஏற்றிப் போட்டாகிவிட்டது. சரசு அதில் கால் வைக்கவில்லை. மணியம் விடவும் இல்லை. போன மாதம் சண்டை முற்றிப் போய், கோயிலில் வைத்து மணியம் எரியும் கற்பூரத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்திருக்கிறார். மச்சான் வந்து பார்த்து ஓடும் என்றால் வைத்துக்கொள்வது, ஆகாது என்றால் அன்றைக்கே மரத்துக்காக வெட்டக் கொடுத்துவிடுவது. பட்டறை முதலாளிக்கும் இடம் வேண்டும். பௌர்ணமியை ஒட்டி ஆற்றில் தண்ணீர் நிறைய ஏறும்போதுதான் இவ்வளவு பெரிய படகை இறக்கவோ திரும்ப ஏற்றவோ முடியும். இந்தப் பௌர்ணமித் தண்ணீர் வடிவதற்குள் முடிவு சொல்லிவிட வேண்டும் என்று அவர் கெடு வைத்துவிட்டார்.

ஆக, இரண்டு பேரும் என் வாயைத்தான் நம்பி இருந்தார்கள்.

மறுநாள் காலை மூன்று பேரும் குகைக் கோயிலுக்குப் போனோம். மலைக்குள்ளே முருகன். மணி அடித்தால் சத்தம் பாறைக்குள் போய்ச் சுற்றிவிட்டு நிதானமாகத் திரும்பி வருகிறது. நம்மூரில் கோயிலைக் கட்டி அதற்குள் சாமியை வைக்கிறோம். இங்கே சாமிக்கு வீடு முன்கூட்டியே தயாராக இருந்திருக்கிறது. மணியம் கண்ணை மூடி நின்றார், சரசுவும் கண்ணை மூடி நின்றாள். இருவரும் நேர் எதிராக வேண்டிக்கொள்கிறார்கள் என்பது எனக்கும் முருகனுக்கும் தெரியும்.

கோயிலுக்கு எதிரே காப்பிக் கடை. ஈப்போக் காப்பி நம்மூர் டிகாக்ஷன் மாதிரி கசக்காது, பாலும் சர்க்கரையுமாக வழவழவென்று இறங்குகிறது. தேங்காய்ப்பால் சோறு வாழையிலையில் பொட்டலமாக வந்தது. பிரித்தால் உள்ளே நெத்திலி. எதைத் தொட்டாலும் அதில் ஏதோ ஓர் இறால் ஒளிந்திருக்கிற நாடு இது என்பதை அடுத்த ஒரு வாரமும் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

அங்கிருந்து தெலுக் இந்தானுக்கு வேனில் கிளம்பினோம். சரசுவும் ஏறிக்கொண்டாள். நான் மனசு மாறிவிடாமல் பார்த்துக்கொள்ள வருகிறாளாம். வழியெல்லாம் செம்பனைத் தோட்டம், எண்ணெய் எடுக்கும் பனை. முன்பு ரப்பர் இருந்த இடம், இந்த ஓரத்தில்தான் தான் பிறந்த தொழிலாளர் குடியிருப்பான லயம் இருந்தது என்று மணியம் ஒரு பெட்ரோல் நிலையத்தைக் காட்டினார். சின்ன வயதில் ஆற்றில் ஒரு வெள்ளைப் படகு போவதை வேலை விட்டு வரும்போது பார்ப்பாராம். அதே படகுதானா இது என்று ஆர்வமாகக் கேட்டேன். அதே மாதிரிப் படகு என்றார். "அதே மாதிரியும் இல்ல" என்றாள் பின்னாலிருந்து சரசு.

செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஒன்றின் பின்னால் போய்க்கொண்டிருந்தோம். அதிலிருந்து ஒரு குலை விழுந்து உருண்டது. முள்ளு முள்ளாக, பலாப்பழம் அளவு. மணியம் ஒடித்தும் பயனில்லை, ஏறிவிட்டார். டயர் உஸ்ஸென்று உட்கார்ந்தது. இறங்கி ஸ்டெப்னி எங்கே என்று கேட்டேன். அவர் தலையைச் சொறிந்தார்.

"போட்டு பக்கவாட்டுல கட்டியிருக்கு மச்சான். அப்ப கரையில இடிச்சிப் பெயிண்டு போவுதுன்னு..."

சரசு வேனுக்குள் உட்கார்ந்து விசிறிக்கொண்டாள். அந்த விசிறலுக்கு அர்த்தம் ஒரு பாரதம் அளவுக்கு இருந்தது. நல்ல வேளையாக லாரிக்கார மலாய்க்காரர் நிறுத்திவிட்டுத் திரும்பி வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர் சொன்னதை மணியம் எனக்கு மொழிபெயர்த்தார்: "டயர் கப்பலுக்குப் போய்விட்டதென்றால், கப்பலை இங்கே வரச் சொல்லுங்கள், ஏறிக்கொள்வோம்." ஒட்டுப்போடும் சாமான் அவரிடமே இருந்தது. முக்கால் மணி நேரம் எங்களோடு வெயிலில் நின்று வேலை பார்த்துவிட்டு, நன்றிகூட வாங்காமல் போனார். அவர் பெயரைக் கேட்க மறந்தது இன்றும் உறுத்துகிறது.

படகை முதன்முதலில் பார்த்தபோது, உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பிடித்துவிட்டது. பத்துப் பன்னிரண்டு மீட்டர் நீளம், முழுக்கத் தேக்கு. மூக்கு நேராக, நெஞ்சை நிமிர்த்தி நின்றது. மணியம் அடித்த நீலச் சாயம் மட்டும் கொஞ்சம் கண்ணைக் குத்தியது. நம் விசைப்படகுகள் உழைக்கப் பிறந்தவை, வயிறு பெரிதாக இருக்கும். இது உட்கார்ந்து போகப் பிறந்தது. ஆனால் இன்ஜின் அறைக்குள் இறங்கினால் எல்லாப் படகும் ஒன்றுதான். அதே எண்ணெய், அதே புழுக்கம், அதே முதுகுவலி.

பட்டறை முதலாளியைத் தவுக்கே என்றுதான் எல்லோரும் கூப்பிடுகிறார்கள். முதலாளி என்று அர்த்தம். எழுபதைத் தாண்டிய ஒல்லி மனிதர். பக்கத்துத் தோட்டங்களில் பழகியதால் தமிழில் நூறுவரை எண்ணுவார், திட்டவும் தெரியும், நடுவில் உள்ள தமிழ்தான் தெரியாது. பட்டறை மூலையில் சிவப்பாக ஒரு சின்ன சாமி மாடம். தினம் காலையில் ஊதுபத்தி ஏற்றிவிட்டுத்தான் உளியைத் தொடுவார். அதைப் பார்த்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. சாமி கும்பிட்டுவிட்டு வேலை தொடங்குகிறவன் பலகையில் ஏமாற்றமாட்டான்.

நாலு நாள் வேலை. ஈப்போவுக்குப் போய் வந்துகொண்டிருந்தோம். டீசல் தொட்டியைத் திறந்தால் அடியில் பாயசம் மாதிரி கறுப்புக் கசடு. நாலு வருடம் முன் இன்ஜின் நின்றதற்குக் காரணம் அதுதான். ஆற்றில் ஆட ஆட, கசடு கிளம்பி வடிகட்டியை அடைத்திருக்கிறது. இன்ஜின் மேல் ஒரு குற்றமும் இல்லை. தொட்டியைக் கழுவினேன், இன்ஜெக்டர்களைக் கழற்றிச் சோதித்தேன், குளிர்நீர் பம்பின் உள்ளே இருந்த ரப்பர்ச் சக்கரம் பிஸ்கட்டாக உதிர்ந்திருந்ததால் புதிது போட்டேன். தவுக்கே வெளியே உட்கார்ந்து பலகை இடுக்குகளில் பஞ்சு திணித்துக் கலப்பத்து அடித்தார். நம்மூர்ப் படகுத் தச்சரான ஓடாவி அடிப்பது போலவே டொக், டொக், டொக் என்று. இரண்டு ஊருக்கும் இடையில் ஒரு கடல், ஆனால் சுத்தியல் சத்தம் ஒன்று.

மதியச் சாப்பாடு ஒரு தமிழ் முஸ்லிம் பாய் கடையில். பாயின் அப்பா நாகூரிலிருந்து வந்தவர், பாய் நாகூரைப் பார்த்ததே இல்லை. நான் பக்கத்து ஊர்க்காரன் என்றதும் கல்லாவை விட்டு எழுந்து வந்துவிட்டார். நான் கவிச்சி தொடமாட்டேன் என்றதும் தனியாக ஒரு சட்டியைக் கழுவச் சொல்லி, எனக்கென்று பருப்புக் குழம்பு வைத்து, வீசி அடித்த ரொட்டியோடு நாலு நாளும் கொடுத்தார். தேநீரை ஒரு குவளையிலிருந்து இன்னொன்றுக்குக் கை நீளத்துக்கு இழுத்து ஆற்றினார். "எங்க அத்தா இதவிட ஒசரமா ஆத்துவாராம் அண்ணே, நாகூர் மினாராவ நெனச்சிக்கிட்டு" என்றார்.

சரசு தினமும் வந்து கரையில் குடை பிடித்து உட்கார்ந்தாள். நான் மேலே வந்து முகத்தைத் துடைக்கும்போதெல்லாம், "என்னா அண்ணே, ஆவாதுதானே?" என்பாள். பார்க்கிறேன் என்பேன். அந்தப் பக்கம் போனால் மணியம், "என்னா மச்சான், ஆயிடும்லா?" என்பார். அவருக்கும் அதே பதில்தான். என் வாழ்நாளில் நாலு நாளில் இத்தனை தடவை பார்க்கிறேன் என்று சொன்னதில்லை.

பௌர்ணமிக்கு இரண்டு நாள் முன்பு படகை இறக்கினோம். நாலு வருடம் காய்ந்த பலகை, உள்ளே தண்ணீர் ஊறிக்கொண்டே வந்தது. சரசு அதைப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்தாள். பலகை தண்ணீர் குடித்து ஊறிவிட்டால் தானாக அடைத்துக்கொள்ளும் என்று விளக்கினேன். மறுநாள் காலை அப்படியே அடைத்துக்கொண்டது. அவள் மறுபடி சாய்ந்துகொண்டாள்.

அன்றைக்கு வெள்ளோட்டம். ஈப்போவில் மாலை கட்டுகிறவரிடம் பெரிய செவ்வந்தி மாலை ஒன்று வாங்கி வந்திருந்தேன். இடையிடையே ஜிகினா நூல் வைத்துக் கட்டியது. மூக்கில் மாலை போட்டு, மஞ்சள் குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்துக் கற்பூரம் காட்டினேன். இன்ஜின் முதல் சுற்றிலேயே பிடித்தது. மணியத்துக்குக் கண் கலங்கிவிட்டது. படகு நகர்ந்ததும், எங்கள் ஊர் வழக்கப்படி மாலையை எடுத்து, "தாயே, உன் மடியில விடுறோம்" என்று ஆற்றில் விட்டேன். கரையில் தவுக்கேவும் கை கூப்பினார்.

பத்து நிமிடம் அருமையாக ஓடியது. ஆற்று வளைவு தாண்டியதும் சூடு காட்டும் முள் ஏறத் தொடங்கியது. ஏறியது, ஏறியது, சிவப்பைத் தொட்டது. நான் கீழே பாய்ந்து இன்ஜினை நிறுத்தினேன். ஆற்று ஓட்டம் எங்களை மெதுவாகத் தள்ளிக்கொண்டு போனது, அதே சேற்றுத் திட்டுப் பக்கம். மணியம் நங்கூரத்தைப் போட்டார். தவுக்கேயின் ஆள் சின்னப் படகில் வந்து எங்களைக் கட்டி இழுத்துக்கொண்டு கரை சேர்த்தார்.

சரசு திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. பிளாஸ்கைத் திறந்து தேநீர் ஊற்றி முதலில் தன் புருஷன் கையில் கொடுத்தாள். அவர் முகத்தைப் பார்க்காமல் கொடுத்தாள். மணியம் இரண்டு வாய் குடித்துவிட்டு, "சரி மச்சான், சொல்லிடுங்க. சத்தியம் பண்ணியாச்சி" என்றார்.

என்ன ஆயிற்று என்று பார்க்காமல் சொல்லமாட்டேன் என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கினேன். பம்பு நன்றாக இருந்தது. வெளியிலிருந்து தண்ணீர் உள்ளே வரும் குழாயை அடைத்துவிட்டு, அந்தக் குழாயின் வடிகட்டி மூடியைத் திறந்தேன்.

உள்ளே செவ்வந்தி. இதழ் இதழாக, ஜிகினா நூலோடு திரண்டு, வடை மாவு மாதிரி நெருங்கி அடைத்துக்கொண்டிருந்தது.

நான் வேலை பார்க்கும் விசைப்படகுகளில் இன்ஜின் தண்ணீர் படகுக்கு அடியில் ஓடும் மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றிச் சுற்றிக் குளிரும். வெளித்தண்ணீர் இன்ஜினுக்குள் வராது. மாலை என்ன, ஒரு பூந்தோட்டத்தையே கடலில் விட்டாலும் ஒன்றும் ஆகாது. இந்தப் படகு ஆற்றுத் தண்ணீரையே உறிஞ்சிக் குடிக்கிற ஜாதி. அந்தப் பம்புக்கு என் கையாலேயே ரப்பர்ச் சக்கரம் மாட்டியிருக்கிறேன், எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் சாமி காரியத்தில் கை பழக்கப்படி போய்விட்டது. உறிஞ்சும் வாய்க்கு நேர் மேலே நின்று மாலையை ஊட்டிவிட்டிருக்கிறேன்.

அந்தப் புழுக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். கதவு சாத்தியிருந்தது, யாரும் பார்க்கவில்லை. இந்த இதழ்களைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு மேலே போய், ஆகாது என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். தங்கச்சி கேட்டது கிடைத்துவிடும். முப்பது வருட மெக்கானிக் மாலையைப் போட்டு இன்ஜினை அடைத்த கதையும் வெளியே வராது. மனசு அப்படிப் போனது என்பதை இங்கே மறைக்காமல் எழுதுகிறேன். "முருகா" என்றேன். நெற்றியில் காலையில் பூசிய விபூதி வியர்வையோடு கரைந்து கண்ணில் இறங்கி எரிந்தது. எழுந்து மேலே போனேன்.

இதழ்களோடு கையை விரித்துக் காட்டினேன். "இன்ஜின் மேல தப்பு இல்ல. தப்பு என்னுது" என்றேன்.

மணியத்துக்கு முதலில் புரியவில்லை. தவுக்கேவுக்குத்தான் முதலில் புரிந்தது. இதழை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, சாமிக்குக் கொடுத்ததை இன்ஜின் சாப்பிட்டுவிட்டது என்று மலாயில் சொல்லி, சிரித்துச் சிரித்து ஒரு மரக்கட்டைமேல் உட்கார்ந்துவிட்டார்.

சரசு சிரிக்கவில்லை. "ஒரே ஒரு வார்த்தை கேட்டேன் அண்ணே" என்றாள்.

"சொல்ல முடியல சரசு. பொய்யச் சொல்லிட்டு எந்த முகத்தோட நான் போயி சாமி முன்னாடி நிக்கிறது?"

"அப்ப என் முகம்? சம்பந்தி வீட்டு முன்னாடி நான் நின்ன முகம்?"

படகு ஓடும் என்பதுதான் என் வார்த்தை, ஆனால் அதில் ஏறி உட்கார வேண்டியவள் அவள்தானே. அதனால் இப்படிச் சொன்னேன்: நாளைக்குப் பௌர்ணமி. நீ ஏறி வா. ஒரு தடவை நின்றாலும், நிற்காமலே உனக்குப் பிடிக்காமல் போனாலும், வெட்டச் சொல்லி நானே தவுக்கேயிடம் சொல்கிறேன். மணியம் ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்து, "நீ சொல்றதுதான் சரசு. மச்சான் சொல்றதுகூட இல்ல" என்றார். அவள் குடையை மடக்கிக்கொண்டு வேனை நோக்கி நடந்தாள்.

மறுநாள் காலை நான் பூஜை முடித்து வெளியே வந்தால், சரசு ஆரஞ்சு நிற உயிர்காப்பு அங்கியை மாட்டி, வார் எல்லாம் இறுக்கிக்கொண்டு வேனில் உட்கார்ந்திருந்தாள். ஜெலாப்பாங்கிலேயே. ஆற்றுக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கிறது. எதிர்வீட்டு அம்மா எட்டிப் பார்த்து, "எங்கம்மா, வெள்ளம் வருதா?" என்று கேட்டாள். "வரலாம் லா" என்றாள் சரசு.

அன்று தவுக்கே சாமி மாடத்தில் வழக்கத்தைவிட நிறைய ஊதுபத்தி. பௌர்ணமியன்று அவரும் கவிச்சி சாப்பிடமாட்டாராம். காய்கறி போட்ட சேமியாவை எனக்கும் ஒரு பொட்டலம் வாங்கி வைத்திருந்தார். இரண்டு விரதக்காரர்களும் கட்டைமேல் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

இந்தத் தடவை மாலை இல்லை. ஒரே ஒரு பூவைப் படகோட்டும் சக்கரத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டேன். சரசு வலது காலை வைத்து ஏறினாள். பெஞ்சின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள், கயிறு அவிழ்த்து நடு ஆற்றுக்கு வரும்வரை பிடியை விடவில்லை.

ஆறு நம்மூர்க் கடல் மாதிரி இல்லை, தேநீர் நிறத்தில் சத்தமில்லாமல் போகிறது. இரு கரையிலும் நிப்பா என்ற நீர்ப்பனையின் ஓலை. கொக்கு ஒன்று மிதக்கும் கட்டைமேல் நின்று எங்களோடு கொஞ்ச தூரம் வந்தது. இன்ஜின் ஒரே சீராகப் பேசியது. அந்தச் சத்தத்தில் ஒரு சின்னப் பிசிறு வந்தாலும் என் வயிற்றுக்குத் தெரியும். வரவில்லை. நான் மனசுக்குள் கந்த நாமத்தை இன்ஜின் சுற்றுக்கு ஏற்பச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சேற்றுத் திட்டு வந்தது. மணியம் ஒன்றும் தெரியாதவர் மாதிரி நேராகப் பார்த்து ஓட்டினார்.

"இங்கதானே?" என்றாள் சரசு.

"இங்கதான்."

"சம்பந்தி அம்மா அந்த மூலையில உக்காந்திருந்தாங்க. என் பட்டுப்பொடவைய விரிச்சி மறைப்புக் கட்டினோம் அண்ணே. கட்டிட்டு, நாங்க எல்லாரும் இந்தப் பக்கம் திரும்பிப் பாட்டுப் பாடினோம்." சொல்லிவிட்டு அவள் உதட்டை இறுக்கிக்கொண்டாள். இறுக்கியும் தாங்கவில்லை. சிரிப்பு வந்தது. அங்கி குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். நாலு வருடமாக அடைத்திருந்தது என்று நினைக்கிறேன். மணியம் சிரிக்கலாமா கூடாதா என்று என்னைப் பார்த்தார். நான் ஆற்றைப் பார்த்தேன்.

அப்புறம் அவள் எழுந்து கீழ் அறைக்கு இறங்கிப் போனாள். அலமாரிக் கதவுகளைத் திறக்கும் சத்தம், சாத்தும் சத்தம், எதையோ தட்டிப் பார்க்கும் சத்தம். குழாய் திறந்து மூடியது. வெகு நேரம் வரவில்லை. மணியம் குரலைத் தாழ்த்தி, "என்னா பண்றா மச்சான்?" என்றார். "வண்டிய ஓட்டுங்க மாப்பிள்ளை" என்றேன். கரப்பான் பூச்சி ஒன்று கண்ணில் பட்டாலும் தீர்ந்தது.

திரும்பிக் கரை சேர்ந்தபோது தண்ணீர் பலகைத் துறையின் விளிம்புவரை ததும்பி நின்றது. தவுக்கே இறங்கி வந்து கயிற்றைப் பிடித்தார். பக்கத்தில் இழுவைச் சங்கிலியோடு அவர் ஆட்கள் இரண்டு பேர் தயாராக நின்றார்கள். ஏற்றி வெட்டுவதென்றால் இந்தத் தண்ணீரிலேயே ஏற்றியாக வேண்டும். அவர் சுற்றி வளைக்கவில்லை, மலாயில் ஒரே சொல்லாகக் கேட்டார்: வெட்டவா?

மணியம் இன்ஜினை நிறுத்தினார். எல்லோரும் கீழ் அறைப் படியைப் பார்த்தோம். சரசு மேலே வந்தாள். அங்கியைக் கழற்றிக் கையில் மடித்து வைத்திருந்தாள். முகமெல்லாம் வியர்வை, முழங்கைவரை தூசி.

"அடுப்பு எங்க வைக்கிறதுன்னு தவுக்கேகிட்ட கேளுங்க" என்றாள்.